மூன்றாம் கேமரா தலையாட்டிய சனிக்கிழமை

தனேஸ்வரன் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. பல் வைத்தியர் வாயில் பஞ்சை அடைத்திருந்தபோதும் கையை ஆட்டி ஆட்டி நர்ஸிடம் ஏதோ கதை சொன்னான் என்று அவன் மனைவி தினேஸ்வரி சொல்வாள். அந்த நர்ஸுக்குக் கதை புரிந்துவிட்டதாம், சிரித்தாளாம்.

அவன் பிறந்தது பீடோர் ஊரிலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில். அவன் நடை பழகும் முன்பே ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். தொழிலாளர் லயத்திலிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக லாரி பிடித்து தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் போயின. அப்பா மாயாண்டி தண்ணீர்ப் பம்பு அறையின் காவலர் என்பதால் அந்தக் குடும்பம் மட்டும் தங்கிவிட்டது. அம்மா விடிந்ததும் பிஸ்கட் ஆலை பஸ்ஸில் ஏறிவிடுவாள். மாயாண்டியோ வாயைத் திறந்தால் கொசு புகுந்துவிடும் என்று நினைக்கிற மனிதர். அதனால் பையன் பம்பு மோட்டாரோடு பேசினான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து மேய வந்த மாடுகளோடு பேசினான். காலையில் பள்ளி வேன் வந்து நின்றால் அணை உடைந்த மாதிரிதான். வேன்காரர் பீடோர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறையாவது, "டேய், மூச்சு விட்டுட்டுப் பேசுடா" என்பார்.

படிப்பு முடிந்ததும் ஈப்போவில் கல்யாண வீடியோ எடுக்கும் ராஜு அண்ணனிடம் விளக்குப் பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தான். மணவறையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் பெண் மாப்பிள்ளைகளிடம் அவன் இரண்டு வார்த்தை பேசினால் போதும், முகம் மலர்ந்துவிடும். அந்த இரண்டு வார்த்தைக்காகவே ராஜு அவனை வைத்திருந்தார். அங்கேயே கேமரா பழகிக்கொண்டு, பிறகு மெங்லம்பு போகும் சாலையில் இருக்கும் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குப் போனான். பழைய மரத்தளவாடக் கிடங்கைச் சுத்தம் செய்து, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து, தமிழ் நிகழ்ச்சிகள் தயாரிக்கும் இடம் அது. சனிக்கிழமை காலையில் அங்கிருந்து ஒரு சமையல் போட்டி நேரலையாகப் போகும். அதில் மூன்றாம் கேமரா தனேஸ்வரனுடையது. கரண்டி, வாணலி, வெங்காயம் வதங்குவது, போட்டியாளரின் கை நடுங்குவது எல்லாவற்றையும் கிட்டத்தில் காட்டுவது அவன் பொறுப்பு.

நேரலை நடக்கும்போது ஸ்டூடியோவுக்குள் யாரும் வாய்விட்டுப் பேச முடியாது. அதனால் கேமராக்காரர்கள் எல்லோருக்கும் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியும், ஒரு காதை மூடும் ஹெட்செட்டும், உதட்டுக்குப் பக்கத்தில் மைக்கும் இருக்கும். இதைத்தான் இன்டர்காம் என்பார்கள். இயக்குநர் வேறு அறையில் டிவிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒண்ணு கொஞ்சம் இடது பக்கம்", "மூணு, சட்டியக் காட்டு" என்று அதன் வழியாகத்தான் சொல்வார். அப்போது அங்கே இருந்தது பழைய இன்டர்காம். எல்லோரும் ஒரே கம்பியில். ஒருவர் பேசினால் அத்தனை பேர் காதிலும் விழும்.

தனேஸ்வரனுக்கு அது சொர்க்கம். சின்ன வயதில் கிடைக்காத ஆட்களெல்லாம் மொத்தமாக அவன் காதுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். யார் வடையில் உப்பு தூக்கலாக இருக்கும், எந்த நடுவர் காலையில் பசியாறாமல் வந்திருக்கிறார், முதல் கேமரா ஹபீஸின் புதுச் சட்டை எந்தப் பேரங்காடியில் மலிவு விலையில் வாங்கியது என்று ஓயாமல் ஓடும். பாதி தமிழ், பாதி மலாய். ஹபீஸ் சிரிக்கிற சிரிப்பில் முதல் கேமராவின் படம் லேசாகக் குலுங்கும்.

இயக்குநர் லக்ஷ்மிப்ரியா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஈப்போவில் பிறந்து கோலாலம்பூரில் பல வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பியவள். நல்ல வேலைக்காரி. அவளுக்குச் சிரிப்பு வராமல் இல்லை. வேலை நேரத்தில் வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை.

அந்தக் கவலை ஒருநாள் பலித்தது. தைப்பிங் பக்கம் வெள்ளம் வந்து சில வீடுகள் மூழ்கியிருந்தன. போட்டிக்கு நடுவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, உதவி கேட்பதற்காக ஒரு சங்கத் தலைவரை அழைத்திருந்தார்கள். வெள்ளத்திலிருந்து நேராக வருகிறவர் போல அவர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு வந்திருந்தார். தொகுப்பாளர் அருண்பிரகாஷ் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "இந்தக் குடும்பங்களின் கண்ணீரைத் துடைக்க..." என்று தொடங்கினான். தனேஸ்வரனின் கேமராவில் பூட்ஸ் தெரிந்தது.

"அக்கா, பூட்ஸுல விலைச்சீட்டு தொங்குதுக்கா. வெள்ளம் வடிஞ்சதும் கடையில திருப்பிக் குடுத்துருவாரு போலலா."

அந்த நேரம் பார்த்து லக்ஷ்மிப்ரியா தொகுப்பாளரிடம் பேசும் பொத்தானை அழுத்தியிருந்தாள். அவள் அறை ஸ்பீக்கரில் வந்த தனேஸ்வரனின் குரல் அப்படியே அருண்பிரகாஷின் காதுக்குள் போய்விட்டது. அருண்பிரகாஷ் பூட்ஸைப் பார்த்தான். கண்ணீரைத் துடைக்க வேண்டிய இடத்தில் களுக்கென்று சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. நாடு முழுக்கப் பார்த்தது.

புகார்கள் வந்தன. அருண்பிரகாஷ் கேமராவுக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டான். தனேஸ்வரனுக்கும் முகம் செத்துவிட்டது. தைப்பிங்குக்கு அரிசி மூட்டை ஏற்றிப்போன லாரியில் அவனே ஏறிப்போய் இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தான். ஆனாலும் வேலைக்குத் திரும்பியபோது லக்ஷ்மிப்ரியா ஒரு முடிவோடு இருந்தாள்.

ஏற்கனவே கேட்டு வைத்திருந்த புது இன்டர்காம் அந்த மாதம்தான் வந்திறங்கியது. டிஜிட்டல். இதில் ஒரே கம்பி என்பதே கிடையாது. யார் யாரோடு பேசலாம், யார் யாரைக் கேட்கலாம் என்று கணினித் திரையில் கட்டம் கட்டமாகக் குறித்துவிடலாம். ஒருவருக்கு ஒரு பொத்தானைக் கொடுக்கலாம், இன்னொருவரிடமிருந்து எடுக்கலாம். எந்தக் குரல் எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதைக்கூடத் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். அதைப் பார்த்துக்கொள்கிறவள் பொறியாளர் பிரமிளா. அதிகம் பேசாதவள், ஒரு கையில் எப்போதும் தேநீர்க் குவளை இருக்கும்.

லக்ஷ்மிப்ரியா அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "தனேஸ், கோவிச்சுக்காத. இனிமே நான் பேசுறது உனக்குக் கேக்கும். நீ பேசுறது எங்க யாருக்கும் கேக்காது. கேமராவுல ஏதாச்சும் கோளாறுன்னா பிரமிளாகிட்ட மட்டும் சொல்லலாம். அதுக்கு ஒரு பொத்தான் இருக்கு."

"எவ்ளோ நாளைக்கிக்கா?"

"பாப்போம்லா."

தனேஸ்வரன் சரியென்று தலையாட்டிவிட்டு வெளியே போனான். தப்பு தன்னுடையது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் முதல் சனிக்கிழமை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "மோர்னிங் ஹபீஸ்" என்று சொல்லி, அந்தச் சொல் யாரையும் போய்ச் சேரவில்லை என்று உணர்ந்தபோது மைக்கை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தான். எல்லோர் பேச்சும் அவனுக்குக் கேட்டது. அவன் பேச்சு மட்டும் ஹெட்செட்டைத் தாண்டவில்லை.

விளைவுகள் வேறு வேறு இடத்தில் தெரிந்தன. ஹபீஸ் ஒத்திகையில் முதல் கேமராவுக்குப் பின்னால் நின்றபடியே தூங்கிவிட்டான். "சுன்யி லா மச்சான், ரொம்ப சுன்யி," என்று இடைவேளையில் வந்து புலம்பினான். அமைதி அவனுக்கு ஆகவில்லை. தனேஸ்வரன் கார் நிறுத்துமிடத்தில் நேப்பாளக் காவலாளியிடம் போய்ப் பேச ஆரம்பித்தான். ஒரு வாரத்தில் காவலாளிக்கு நல்ல தமிழ் வந்தது. மிச்சமெல்லாம் வீட்டுக்குப் போனது. தனியார் மருத்துவமனையில் கட்டண முகப்பில் வேலை செய்யும் தினேஸ்வரி, நாள் முழுக்க நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறவள். அவளே ஸ்டூடியோவுக்குப் போன் போட்டாள்.

"பிரமிளாக்கா, அவரோட மைக்கைத் தயவுசெஞ்சு தொறந்து விட்டுருங்க. பேசாம சேத்து வச்சது பூரா வீட்டுல வந்து கொட்டுறாரு. நேத்து ஒரு போட்டி பூராவையும் எனக்குச் சொன்னாரு. கறிவேப்பிலைய எப்ப போட்டாங்கங்கற வரைக்கும்."

"என் கையில இல்லம்மா," என்றாள் பிரமிளா. "எனக்கும்தான் கொட்டுறாரு."

உண்மைதான். கேமராக் கோளாறுக்காகக் கொடுத்த அந்த ஒரே பொத்தானை அவன் சும்மா விடவில்லை. "பிரமிளாக்கா, கேமரா நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த நீலப் பொடவ அக்கா தேங்காய்ப் பால முன்னாடியே ஊத்திட்டாங்க, பாருங்க." பிரமிளா சில வாரம் "ம்" போட்டாள். அப்புறம் அவளுக்கும் வேலை இருந்தது. தன் பலகையில் தனேஸ்வரன் குரலுக்கான திருகை மெல்லக் குறைத்தாள். இன்னும் கொஞ்சம் குறைத்தாள். ஒருநாள் முழுவதுமாகக் குறைத்தவள் திரும்பக் கூட்ட மறந்துவிட்டாள்.

அது தனேஸ்வரனுக்குத் தெரியாது. அவள் காதுக்கு எட்டுகிறது என்று நம்பிப் பேசிக்கொண்டேயிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது மேசையில் கோப்பெங்கிலிருந்து வந்த கருப்பம்மாள் நின்றிருந்தார். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டு வாசலில் வடை சுட்டு விற்பவர். கேமராவைக் கண்டு பயப்படாத ஒரே போட்டியாளர் அவர்தான். வாழைப்பூ வடைக்கு எண்ணெய் வைத்திருந்தார். பெரிய வாணலி, நிறைய எண்ணெய். ஸ்டூடியோ மேசைக்கடியில் சிலிண்டர். அதிலிருந்து ரப்பர் குழாய் மேலே அடுப்புக்கு வரும்.

நேரலையில் அப்போது இரண்டாம் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அருண்பிரகாஷ் மறுகோடியில் ஒரு நடுவரோடு பேசிக்கொண்டிருந்தான். தள மேலாளர் மகேந்திரன் அவனுக்கு எதிரே, இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றிருந்தார். காதில் லக்ஷ்மிப்ரியா சொன்னாள். "மூணு, அடுத்தது ஒன்கிட்டதான் வாரேன். எண்ணெய் கொதிக்கிறத எடு."

தனேஸ்வரன் வாணலியை நோக்கி இறங்கினான். போகிற வழியில் ரப்பர் குழாய் கண்ணில் பட்டது. பிடித்து வைத்திருந்த கிளிப் கழன்று, குழாய் சரிந்து, எரிகிற அடுப்பின் இரும்புச் சட்டத்தில் சாய்ந்திருந்தது. அந்த இடம் பளபளவென்று மினுங்கியது. ரப்பர் இளகிக்கொண்டிருந்தது.

பொத்தானை அழுத்தினான். "பிரமிளாக்கா, கேஸ் குழாய் அடுப்புல ஒட்டுது! மூணாவது மேச!"

பதில் இல்லை. மறுபடி அழுத்தினான். "அக்கா! வெளையாட்டு இல்ல!"

அதற்கும் பதில் இல்லை. பெட்டியிலிருந்து அவளைக் கூப்பிடும் விளக்கைப் போட்டான். பிரமிளாவின் பலகையில் அது மினுக்கியது. இன்னொரு பொடவைக் கதை என்று நினைத்துக்கொண்டு அவள் தேநீரைக் குடித்தாள்.

கத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். கத்தினால் கருப்பம்மாள் திடுக்கிட்டுத் திரும்புவார். கையில் நீளக் கரண்டி, முன்னால் கொதிக்கிற எண்ணெய். வேண்டாம். ஓடிப்போய்ச் சிலிண்டரை மூடலாம் என்றால் நடுவில் விளக்குக் கம்பங்களும் வயர்களும் இருந்தன. அவன் வாழ்க்கையில் முதல் முறையாக, சொல்ல வேண்டியது இருந்தும் சொல்ல வழி இல்லாமல் நின்றான். கையில் இருந்தது கேமரா மட்டும்தான்.

வாணலியை விட்டுக் கேமராவைக் குழாயின் மேல் திருப்பினான். முழுத்திரைக்கும் குழாய் தெரிகிற மாதிரி நெருக்கினான்.

"மூணு, அது இல்லப்பா. சட்டி. சட்டியக் காட்டு," என்றாள் லக்ஷ்மிப்ரியா.

தனேஸ்வரன் கேமராவை இடமும் வலமும் ஆட்டினான். இல்லை என்று தலையாட்டுகிற மாதிரி. மறுபடி குழாயில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"என்னா பண்றான் இவன்?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். திரையை உற்றுப் பார்த்தாள். கேமரா அப்படித் தலையாட்டி அவள் பார்த்ததில்லை. "தனேஸ், ஏதாச்சும் பிரச்சினையா?"

கேமரா மேலும் கீழும் ஆடியது. ஆமாம்.

"அந்தக் குழாயா? கேஸா?"

ஆமாம், ஆமாம், ஆமாம். கேமரா ஆடிய ஆட்டத்தில் அதன் தாங்கியே கிறீச்சிட்டது.

அதற்கப்புறம் லக்ஷ்மிப்ரியா செய்ததை ஸ்டூடியோவில் இன்றைக்கும் சொல்லிப் பெருமைப்படுவார்கள். குரலைக் கொஞ்சமும் உயர்த்தவில்லை. ஒரு பொத்தானை அழுத்தி, "அருண், சிரிச்சிக்கிட்டே இடைவேளைக்குப் போங்க, இப்ப," என்றாள். இன்னொன்றை அழுத்தி, "மகேன் அண்ணே, ஓடாதீங்க, நடந்து போங்க. மூணாவது மேச சிலிண்டர மூடுங்க. அந்தம்மாவப் பின்னாடி தள்ளி நிக்கச் சொல்லுங்க," என்றாள். தொகுப்பாளருக்கு அவனுக்குரியது மட்டும் கேட்டது, மகேந்திரனுக்கு அவருக்குரியது. வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மற்ற போட்டியாளர்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டேயிருந்தார்கள். அருண்பிரகாஷ் சிரித்தான், விளம்பரம் ஓடியது. மகேந்திரன் கோயில் பிரகாரம் சுற்றுகிறவர் போல நடந்துபோய்க் குனிந்து சிலிண்டரை மூடினார். குழாயைத் தொட்டவர் விரலை உதறினார். ரப்பர் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்னாய்யா இது?" கருப்பம்மாள் இடுப்பில் கை வைத்தார். "எண்ண சரியா காஞ்ச நேரத்துல அடுப்ப நிறுத்துறீங்க. வடை எண்ண குடிச்சிரும்லா! போட்டிக்குக் கூப்ட்டு வந்து தோக்கடிக்கிறீங்களா?"

மகேந்திரன் குழாயைக் காட்டினார். கருப்பம்மாள் பார்த்தார். "ஐயையோ," என்றார். பிறகு, "சரி, வேற அடுப்பு குடுங்க. மாவு புளிச்சிரும்," என்றார்.

வேறு மேசைக்கு மாற்றினார்கள். அவருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அடுப்பை நிறுத்தாமல் இருந்தால் முதல் பரிசு என்று கோப்பெங்கில் இன்றும் சொல்லி வருகிறார். பரிசு வாங்கிய கையோடு மூன்றாம் கேமராவிடம் வந்தார். "நீதானா தம்பி பாத்தது? வாயத் தொறந்து சொல்லக் கூடாதா, ஊமையா நீ?" என்று கேட்டு, வாழையிலையில் சுற்றிய வடைகளை அவன் கையில் திணித்தார். ஹபீஸ் சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று.

நிகழ்ச்சி முடிந்ததும் பிரமிளா ஓடிவந்தாள். "தனேஸ், நான் ஒன் சத்தத்தக் கொறச்சி வச்சிருந்தேன். பூரா கொறச்சிட்டேன். மன்னிச்சிருப்பா."

தனேஸ்வரனுக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. "என் பொண்டாட்டிக்கும் அந்தத் திருகு கெடச்சா அவளும் அதான்க்கா செய்வா," என்றான். பிரமிளாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

எல்லோரும் பக்கத்துக் கோப்பிக்கடைக்குப் போனார்கள். வெள்ளைக் கோப்பி வந்தது, வடையைப் பிரித்து வைத்தார்கள். லக்ஷ்மிப்ரியா நேராக விஷயத்துக்கு வந்தாள். "தப்பு என்னோடது. ஒருத்தன் வாய அடைச்சா அவன் கண்ணையும் சேத்து அடைச்ச மாரி ஆவும்னு நான் யோசிக்கல. திங்கக்கெழம ஒன் லைனத் தொறந்து விடச் சொல்றேன்."

"வேணாங்க்கா," என்றான் தனேஸ்வரன்.

மேசையில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"என் வாய எனக்குத் தெரியும்லா. தொறந்து விட்டீங்கன்னா ரெண்டு வாரம் நல்லா இருப்பேன். மூணாவது வாரம் யாராச்சும் பூட்ஸு போட்டு வருவாங்க. அருண் மறுபடி மன்னிப்புக் கேக்கணும்."

"எனக்கு அது வேணாம், அண்ணே," என்றான் அருண்பிரகாஷ் அவசரமாக.

பிரமிளாதான் யோசனை சொன்னாள். வடையைக் கடித்தபடியே, கோப்பிக்கடை மேசையில் விரலால் கட்டம் போட்டுக் காட்டினாள். புது இன்டர்காமில் தனித் தடம் ஒன்று போடலாம். தொகுப்பாளரின் காதுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. இயக்குநரின் ஸ்பீக்கரிலும் வராது. கேட்க விரும்புகிறவர்கள் மட்டும் தங்கள் பெட்டியில் பொத்தானைத் தட்டிக் கேட்கலாம், வேண்டாதவர்கள் விட்டுவிடலாம். அது போக, ஆபத்து அவசரத்துக்கு மட்டும் இயக்குநரை நேராகக் கூப்பிட ஒரு சிவப்புப் பொத்தான். அதன் சத்தத்தை யாரும் குறைக்க முடியாதபடி பூட்டிவிடலாம். கேமராக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பொத்தான் உண்டு.

"போலே! செய்யலாம்லா!" என்று ஹபீஸ் மேசையைத் தட்டினான்.

பெட்டியின் சின்னத் திரையில் அந்தத் தடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். சில எழுத்துகளுக்குத்தான் இடம். கையில் இருந்ததைப் பார்த்து "கோப்பி" என்றே வைத்தார்கள்.

முதல் வாரம் கோப்பித் தடத்தில் ஹபீஸும் இரண்டாம் கேமராக்காரரும் மட்டும் இருந்தார்கள். அடுத்த வாரம் விளக்குக்காரர்கள் வந்தார்கள். மகேந்திரன், "எனக்கு அதெல்லாம் வேணாம், வயசாச்சு," என்று சொல்லிவிட்டு மூன்றாவது வாரம் பொத்தானைத் தட்டினார். ஒப்பனை அறையில் இருந்த பெண்கள் தங்களுக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று மனுப் போட்டார்கள். நிகழ்ச்சி ஒன்றும் கெடவில்லை. ஹபீஸ் தூங்குவதை நிறுத்தினான். தனேஸ்வரனும் ஒன்றைப் பழகிக்கொண்டான். தன் கேமரா நேரலைக்குப் போவதற்குச் சற்று முன்னால் வாயை மூடி, திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். கதைக்கு நடுவில் இப்படி ஒரு நிறுத்தம் விழுந்தால் கேட்கிறவர்களுக்கு ஆவல் கூடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டான். சிவப்புப் பொத்தானை அவன் இதுவரை ஒரே ஒரு முறைதான் அழுத்தியிருக்கிறான், ஒரு போட்டியாளரின் முந்தானை அடுப்புக்கு மிகப் பக்கத்தில் போனபோது. பேச்சு சுருக்கமாக இருந்தது: "மூணு, முந்தான, நாலாவது மேச." வேலை முடிந்தது.

லக்ஷ்மிப்ரியா கோப்பித் தடத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. அவளுக்கு அதில் அக்கறை இல்லை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சியன்று நேரலைக்கு முன்னால் எல்லோருக்கும் பதற்றம். அதைக் குறைக்க, தனேஸ்வரன் கோப்பித் தடத்தில் இயக்குநர் மாதிரியே பேசிக் காட்ட ஆரம்பித்தான். "மூ...ணு, கொஞ்...சம் வலது பக்கம். இல்லப்பா, ஒன்னோட வலது இல்ல, என்னோட வலது. ஹபீ...ஸ், முறுக்கு திங்காத, மைக்குல கேக்குது." ஸ்டூடியோ முழுக்கத் தோள்கள் குலுங்கின. ஹபீஸ் உண்மையிலேயே முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

அப்போது அதே தடத்தில், வெகு அமைதியாக ஒரு குரல் வந்தது.

"நான் அப்புடி இழுத்துப் பேச மாட்டேன், தனேஸ்."

ஹபீஸ் முறுக்கு மெல்லுவதை நிறுத்தினான். தனேஸ்வரன் கேமராவிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"அக்கா... நீங்க எப்ப இதுல வந்தீங்க?"

"மொத வாரத்துலேருந்து," என்றாள் லக்ஷ்மிப்ரியா. "சத்தத்தக் கொறச்சி வச்சிக் கேப்பேன். பிரமிளாவுக்குத் தெரியும்."

பிரமிளா தன் பலகைக்குப் பின்னால் தேநீர்க் குவளையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். முதலில் ஹபீஸ்தான் வெடித்துச் சிரித்தான். பிறகு மகேந்திரன், பிறகு விளக்குக்காரர்கள். ஒன்றும் புரியாத அருண்பிரகாஷ், தன் காதில் மட்டும் எதுவும் வராமல், மேடை நடுவில் நின்றுகொண்டு, "என்னா? என்னா ஆச்சு? யாராச்சும் சொல்லுங்கலா!" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"அருணுக்கு நிகழ்ச்சி முடிஞ்சதும் சொல்லுங்க," என்றாள் லக்ஷ்மிப்ரியா. "இப்ப நேரலைக்குப் போறோம். தனேஸ், மொதல் படம் ஒன்கிட்டேருந்துதான். வெளக்கு ஏத்துற கை."

தனேஸ்வரன் கேமராவை மெல்ல இறக்கினான். திரியில் சுடர் பற்றியது. படம் தெளிவாக நின்றது.